நீலக் கெட்டில்

தணிகாசலத்தின் வீட்டுக் கோப்பு ரஞ்சிதத்தின் மேஜைக்கு வந்து சேர ஏழு வருடம் ஆயிற்று. வந்த அன்று அவள் குதிக்கவில்லை, கூவவில்லை. முதல் பக்கத்தைத் திறந்து பெயரை இரண்டு முறை படித்தாள். பியூனிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காதபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பனிக்கோம்பை ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். சமவெளியில் கோடை வெயில் ஐம்பத்தோரு டிகிரியைத் தொட்ட பிறகு, ஏற முடிந்தவர்கள் எல்லாம் மலைக்கு ஏறி வந்துவிட்டார்கள். இருபதாயிரம் பேர் இருந்த இடத்தில் மூன்று லட்சம் பேர். இத்தனை பேரும் அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்தால் மலையும் சூடாகிவிடுமே என்ற பயத்தில் பிறந்தது வெப்ப வாரியம். விறகு கூடாது, எரிவாயு கூடாது, மின்சாரம் மட்டும்தான். அதிலும் ஒரு சோதனை. வாரியம் கொடுத்த கெட்டிலில் தண்ணீர் காய்ச்ச வேண்டும். உள்ளே போன மின்சக்தியில் எவ்வளவு தண்ணீரில் சேர்ந்தது, எவ்வளவு வீணாகக் காற்றில் போனது என்று கணக்குப் போடுவார்கள். வீண் நூற்றுக்கு இருபத்தைந்தைத் தாண்டினால் அது விரயக் குடும்பம். விரயக் குடும்பத்தைக் கீழே இறக்கிவிடுவார்கள்.

ஒரு குடும்பத்தின் யோக்கியதையைக் கெட்டிலை வைத்தா அளப்பது என்று யாரும் கேட்கலாம். வேறெதையும் அவ்வளவு சுலபமாக அளக்க முடியாது என்பதுதான் பதில். எது கைக்கு அடங்குகிறதோ அதை வைத்து ஆளை எடைபோடுவது எந்த வாரியத்துக்கும் வசதி.

ரஞ்சிதத்தின் அக்கா அமிர்தம் முதல் வார்டில், தேயிலைத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தாள். வாரியம் முதன்முதலில் சோதனை நடத்தியது அங்கேதான். சோதித்தவர் மேல்கணிப்பாளர் தணிகாசலம். அமிர்தத்தின் கெட்டிலுக்கு வந்த வீண் நாற்பத்தொன்பது. அவள் வீடு மட்டுமல்ல, அந்த வார்டில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் தேறவில்லை. அடுத்த வார்டுகளில் ஏறக்குறைய எல்லா வீடும் தேறிவிட்டது. ஊர் உடனே முடிவுக்கு வந்தது. லைன் வீட்டு ஆட்களுக்குச் சிக்கனம் தெரியாது, எதையும் போட்டது போட்டபடி விட்டுவிடுவார்கள் என்று பேசிக்கொண்டது. தேயிலை பறித்த கைகளை ஊர் அவ்வளவு சீக்கிரம் கைகழுவிவிட்டது.

அமிர்தம் கடைசி பஸ்ஸில் இறங்கினாள். சமவெளி முகாமில் முதல் கோடையைத் தாண்டினாள். இரண்டாவது கோடையில், குடிதண்ணீருக்கு வரிசையில் நின்ற இடத்திலேயே விழுந்து செத்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. ரஞ்சிதம் பாலிடெக்னிக் விடுதியில் இருந்ததால் அவள் முகவரி வேறு, அதனால் தப்பினாள். படிப்பை முடித்த கையோடு வாரியத்திலேயே கணிப்பாளர் வேலைக்கு மனுப் போட்டாள். நேர்காணலில் ஏன் இந்த வேலை என்று கேட்டார்கள். வெப்பத்தைச் சேமிக்க ஆசை என்றாள். அவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

வாரிய அதிகாரிகளுக்குச் சோதனை கிடையாது. ஓய்வு பெறும்வரைதான் அந்தச் சலுகை. தணிகாசலம் போன மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, வாரியத்தின் விதிகளையெல்லாம் எழுதிய கை என்று மேடையில் புகழ்ந்தார்கள். ரஞ்சிதமும் வரிசையில் நின்று கைதட்டினாள். உள்ளங்கை சிவக்கிற அளவுக்குத் தட்டினாள்.

சோதனை நாள் காலை ஜீப்பில் ஏறியதும் டிரைவர் பாக்கியநாதன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, ராத்திரி தூங்கலையா?"

பாக்கியநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய மகள் ஜெசிந்தாவும் முதல் வார்டுதான். புருஷன், இரண்டு பிள்ளைகளோடு இறக்கப்பட்டு, இப்போதும் கீழே ஆறாம் எண் முகாமில் உயிரோடு இருக்கிறாள். மாதம் ஒரு கடிதம் வரும். சின்னவனுக்கு அம்மை போட்டது, பெரியவள் பள்ளிக்கூடம் போவதில்லை என்றெல்லாம் இருக்கும். பாக்கியநாதன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடிதம் வரும்வரை சுமப்பார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நம்ம ஊர்ல குக்கர் இல்லாம பருப்பு வேகுமா?"

"அது எப்படி வேகும்? நாள் பூராம் கொதிச்சாலும் கல்லாட்டம் கிடக்கும்."

"ஏன் வேகல?"

"மலையில்லையாம்மா? தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும். ஆனா சூடு பத்தாது. இதை எங்கிட்ட கேக்கறே? ஊர்ல எல்லாப் பொம்பளைங்களுக்கும் தெரிஞ்சதுதானே."

"கீழே தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும். இங்கே தொண்ணூத்தி மூணு. அதுக்கு மேல ஒரு டிகிரி கூட ஏறாது. எவ்வளவு கரண்டு போனாலும் எல்லாம் ஆவியாத்தான் போகும். இப்போ, முதல் வார்டுல குடுத்தாங்களே நீலக் கெட்டில், அது கீழே செஞ்சது. தண்ணி தொண்ணூத்தேழு டிகிரிக்கு வந்தா தானா நிக்கிற மாதிரி வெச்சிருக்காங்க."

பாக்கியநாதன் ஒரு வளைவைத் திருப்பி முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தொண்ணூத்தேழு இங்கே வரவே வராதே."

"வராது. அதனால கெட்டில் நிக்காது. கொதிச்சுக்கிட்டே கிடக்கும். வீட்டுல கொதிச்சதும் கையால அணைச்சிடுவாங்க, அதனால யாரும் கவனிக்கல. ஆனா சோதனையில ஏழாம் விதி இருக்கே. கருவி தானா நிக்கிற வரைக்கும் யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாது. பத்து நிமிஷம் போகும். அதுக்கப்புறம் சோதிக்கிற அதிகாரி இஷ்டப்பட்டா முடிக்கலாம். அதுக்குள்ள பாதிக் கரண்டு ஆவியாப் போயிருக்கும். எழுதிடுவாங்க, விரயம்னு."

"அப்போ எங்க ஜெசிந்தா..."

"ஜெசிந்தாவும் சரி, எங்க அக்காவும் சரி, ஒரு சொட்டு வெப்பத்தை வீணாக்கல அண்ணே."

ஜீப் ஓரமாக நின்றது. பாக்கியநாதன் நிறுத்தினாரா, கால் தானாக அழுத்தியதா என்று அவருக்கே தெரிந்திருக்காது. எதிரே வந்த காய்கறி வண்டிக்காரன் ஹாரன் அடித்துவிட்டுத் திட்டிக்கொண்டு போனான்.

"இது அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியும். ரெக்கார்டு ரூம்ல பழைய ரிஜிஸ்டர் ஒண்ணு பார்த்தேன். ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்தது. 'இங்கே கொதிநிலை 93. கட்-ஆஃப் 97. நிற்காது.' அவர் கையெழுத்து மாதிரிதான். தேதியும் போட்டிருக்கு, கடைசி பஸ் இறங்கறதுக்குப் பதினோரு நாள் முன்னாடி. அதுக்கு அடுத்த மாசமே ஒரு உத்தரவு. நீலம் சீக்கிரம் மங்கிடுது, அதனால எல்லா வீட்டுக்கும் வெள்ளைக் கெட்டில் மாத்திக் குடுக்கணும்னு. அந்த வெள்ளை தொண்ணூத்தொண்ணுல நின்னுடும். ரெண்டாவது வார்டு எப்படித் தேறுச்சுன்னு இப்போ புரியுதா?"

"இது எப்போ பார்த்தே?"

"நாலு மாசம் இருக்கும்."

"நாலு மாசமா வாயை மூடிட்டு இருந்தியா?" பாக்கியநாதன் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யாருகிட்டச் சொல்லட்டும்? கீழே பேர் இல்லாத பென்சில் எழுத்து. நான் எழுதலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவார். ஒன்பதாம் விதி தெரியுமில்ல? கருவி மேல குறை இருந்தா, மேல்கணிப்பாளரா இருக்கிறவரோ இருந்தவரோ சோதனை நடக்கும்போதே, பதிவு ஓடும்போதே சொல்லணும். அப்போதான் செல்லும். வேற யாரு சொன்னாலும், பின்னாடி சொன்னாலும், குப்பைக் கூடைதான். அதையும் எழுதினவர் அவரேதான்."

"அப்போ அவரே சொல்லணும்."

"இன்னைக்குச் சொல்லியாகணும் அண்ணே. சொல்லலன்னா அவரே இறங்கணும். வேற வழி இல்ல. அவர் வாயிலிருந்து அது வந்துட்டா, முதல் வார்டுத் தீர்ப்பு அத்தனையும் ரத்து. எல்லாரும் மேலே வரலாம்."

"அந்தாளு வீட்டுல வெள்ளைக் கெட்டில் இருந்தா?"

ரஞ்சிதம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "மாத்திக் குடுக்கிற பட்டியலை நான் பார்த்துட்டேன். சோதனைக்கு வர்ற வீடுங்க மட்டும்தான் அதுல இருக்கு. அதிகாரிங்க குடியிருப்பு இல்ல. சோதனையே இல்லாத வீட்டுக்குப் புதுக் கெட்டில் எதுக்குன்னு விட்டுட்டார்."

பாக்கியநாதன் ஜீப்பைக் கிளப்பினார். மீதி வழி முழுவதும் அவர் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. ஜெபமாகத்தான் இருக்க வேண்டும்.

அதிகாரிகள் குடியிருப்பில் மூன்றாவது வீடு. சோதனையின்போது கணிப்பாளர் ஒருவர்தான் உள்ளே போகலாம். பாக்கியநாதன் ஜீப்பிலேயே இருந்துகொண்டார். கதவைத் திறந்தது தணிகாசலத்தின் மனைவி குமுதவல்லி.

"வாம்மா, ரஞ்சிதந்தானே? சார் உன்னைப் பத்தி ரொம்ப உசத்தியாச் சொல்வார். காபி போடட்டுமா?"

"சோதனை முடியட்டும்மா" என்றாள் ரஞ்சிதம். அந்த அம்மாள் மேல் அவளுக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் குடும்பத்தோடுதான் இறக்குவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இந்த அம்மாளும் அந்தப் பஸ்ஸில் உட்காருவாள். தெரிந்தேதான் வந்திருந்தாள்.

தணிகாசலம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக இருந்தார். ஏழு வருடம் அடுத்தவர் வீட்டுக்குள் விதிப் புத்தகத்தோடு நுழைந்தவர், தன் வீட்டில் சோதனை நடப்பதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க ரஞ்சிதம். நான் எழுதின கணக்கை என்கிட்டயே போட்டுக் காட்டப் போறீங்க. ஒரு தப்பு விட்டாலும் மார்க்கைக் குறைச்சிடுவேன், ஆமா."

"விட மாட்டேன் சார்."

கெட்டில் சமையலறை அலமாரியில் இருந்தது. குமுதவல்லி எடுத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அடிப்பாகம் நீலம். ஏழு வருடத்தில் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. தணிகாசலம் அதைப் பார்க்கவில்லை. வீட்டிலிருக்கிற கெட்டிலை எந்த ஆண்பிள்ளை பார்த்திருக்கிறான்?

ரஞ்சிதம் பதிவுப் பலகையை மேஜைமேல் தன் பக்கம் பார்த்து நிறுத்தினாள். பேச்சும் அளவும் அதில் பதிவாகும். ஓடுகிறதா இல்லையா என்பதைக் காட்டும் சின்னப் பச்சை விளக்கு அவள் பக்கம்தான் இருந்தது. விதிப்படி சத்தமாகப் படித்தாள்.

"தண்ணீர் ஒன்றரை லிட்டர். தொடக்க வெப்பம் இருபது டிகிரி. கெட்டில் ஆயிரத்து ஐந்நூறு வாட். ஏழாம் விதிப்படி கருவி தானாக நிற்கும்வரை யாரும் ஸ்விட்சைத் தொடக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் தணிகாசலம், புன்னகை மாறாமல்.

ஸ்விட்ச் விழுந்தது. தண்ணீர் முனக ஆரம்பித்தது. குமுதவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்" என்றாள் அவள். "கெட்டில்லருந்து காத்துல போற சூடு வீணுங்கறீங்க. சரி. தண்ணியில சேர்ற சூடு வீணில்லங்கறீங்க. அந்தத் தண்ணியில குளிச்சு ஊத்தினா அதுவும் ஆறிப் போகத்தானே செய்யுது? அந்தச் சூடும் இந்த மலையிலதானே கலக்குது? அப்புறம் எதுக்கு இந்தக் கணக்கு?"

"இவ இப்படித்தான், முப்பது வருஷமா" என்று தணிகாசலம் சிரித்தார். "ஒரு ஒழுங்கு வேணும்ல? அதுக்குத்தான் கணக்கு."

ஒரு ஒழுங்கு. ரஞ்சிதம் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டாள். அமிர்தம் வரிசையில் விழுந்தபோது, அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் நகர்ந்து முன்னால் போனார்களாம். ஜெசிந்தா எழுதியிருந்தாள். வரிசை ஒழுங்காகத்தான் போயிற்று.

ஆறாவது நிமிடம் முடிந்தபோது தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பலகையில் வெப்பம் தொண்ணூற்று மூன்றைக் காட்டியது.

"தண்ணீர் பெற்றது நானூற்று அறுபது கிலோ ஜூல். கெட்டில் எடுத்தது ஐந்நூற்று நாற்பது. வீண் எண்பது. நூற்றுக்குப் பதினைந்து" என்று படித்தாள்.

"பதினஞ்சு! பார்த்தியா குமுதா?" தணிகாசலம் கெட்டில் டக்கென்று நிற்பதற்காகக் காத்திருந்தார்.

அது நிற்கவில்லை.

அவர் புன்னகை முதலில் அப்படியே இருந்தது. அரை நிமிடம் போயிற்று. ஆவி மேலேறி ஜன்னல் கண்ணாடியில் படிந்தது. அவர் முதல் தடவையாகக் கெட்டிலின் அடிப்பாகத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இது... இதை மாத்தலையா?"

"எதை?" என்றாள் குமுதவல்லி.

"ஆறு நிமிடம் ஐம்பது விநாடி. வீண் இருபத்தைந்தைத் தாண்டுகிறது" என்று ரஞ்சிதம் படித்தாள்.

தணிகாசலத்தின் கை ஸ்விட்சை நோக்கி நீண்டது.

"ஏழாம் விதி சார்."

கை பின்வாங்கியது. அவர் அவளை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது தெரிந்தது. மடையர் அல்ல அவர். மடையராக இருந்திருந்தால் ரஞ்சிதம் எப்போதோ மன்னித்திருப்பாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க."

"எட்டு நிமிடம். எழுநூற்று இருபது கிலோ ஜூல். வீண் முப்பத்தாறு."

"யாரு நீங்க?"

"முதல் வார்டு, பதினேழாம் லைன், மூணாம் வீடு. அமிர்தம். நான் அவ தங்கச்சி."

தணிகாசலம் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி நேர்மையாகவே யோசித்தார். பிறகு தலையசைத்தார்.

"ஞாபகமில்லையே. நானூத்திப் பன்னெண்டு வீடு. எந்த வீடுன்னு..."

இந்த ஆள் மறைத்திருப்பார், பொய் சொல்வார், தான் செய்தது சரிதான் என்று வாதிடுவார் என்றெல்லாம் ரஞ்சிதம் நினைத்துவைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பதில் தயார். ஞாபகமே இல்லை என்பார் என்று மட்டும் நினைக்கவில்லை. அமிர்தம் அன்றைக்கு இவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை தீர்ந்துவிட்டதென்று அடுத்த வீட்டில் வாங்கிப் போட்டுக் கொடுத்தாள். கெட்டில் நிற்கவில்லையே சார் என்று அவள் சொன்னதற்கு, சுண்ணாம்பு படிந்திருக்கிறது, பாத்திரத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று இவர் கேட்டார். அவள் அவமானத்தில் கூனிப்போனதாகக் கடிதத்தில் எழுதியிருந்தாள். காபியாவது ஞாபகம் இருக்கக் கூடாதா?

அந்த நிமிடம் வரை, இவர் வாய் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது உள்ளே வேறொரு ஆசை தலைகாட்டியது. சொல்லிவிடாதே. வாயை மூடிக்கொண்டு இரு. சொன்னால் கருவியில் குறை என்றாகிவிடும், தீர்ப்பு உனக்கும் ரத்தாகிவிடும். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, குளிர்ந்த காற்றில், இன்னும் இருபது வருடம் பேப்பர் படிப்பாய். பாவமன்னிப்பும் கிடைத்துவிடும். அப்புறம் அமிர்தத்துக்கு என்ன கிடைத்தது?

"ஒன்பது நிமிடம். வீண் நாற்பத்து மூன்று" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. அது சந்தோஷம் என்று அவளுக்குத் தெரிந்தபோது அவள் வெட்கப்படவில்லை.

"என்னங்க நடக்குது?" குமுதவல்லி எழுந்துவிட்டாள். "ஏன் இது நிக்க மாட்டேங்குது? எதையாவது சொல்லுங்களேன். உங்களுக்கு ஏதோ தெரியுது, உங்க முகமே சொல்லுது."

தணிகாசலம் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொன்னால் நானூற்றுப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். செத்தவர்களுக்கும் சேர்த்து. சொல்லாவிட்டால் பஸ். அவர் உதடு பிரிந்தது, மறுபடி மூடிக்கொண்டது. சமையலறை முழுவதும் ஆவி.

"பத்து நிமிடம். வீண் நாற்பத்தொன்பது."

அமிர்தத்துக்கு வந்த அதே எண். இனி பதிவை முடிப்பதும் தொடர்வதும் அவள் இஷ்டம். அவள் விரல் பலகையின் ஓரத்தில் நின்றது. வெளியே ஜீப்பில் ஒருவர் ஜெபித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தாள். பத்து விநாடி பொறுத்தாள். இருபது விநாடி பொறுத்தாள்.

"தப்புன்னா தப்புன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் குமுதவல்லி. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

தணிகாசலம் நிமிர்ந்தார்.

"எழுதிக்கோம்மா" என்றார்.

ரஞ்சிதத்தின் விரல் அழுந்தியது. பச்சை விளக்கு அணைந்தது.

அவருக்கு அது தெரியவில்லை. அவர் பலகையைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தெளிவாகச் சொன்னார். அதிகாரியாக இருந்த காலத்துக் குரல் அது.

"நான் தணிகாசலம், முன்னாள் மேல்கணிப்பாளர். நீலக் கெட்டில் தொண்ணூத்தேழுலதான் நிக்கும். இந்த ஊர்ல தண்ணி தொண்ணூத்து மூணுக்கு மேல போகாது. முதல் வார்டுத் தீர்ப்பு எல்லாம் தப்பு. கடைசி பஸ் இறங்கறதுக்குப் பதினோரு நாள் முன்னாடியே எனக்குத் தெரியும். வெளியே சொன்னா வாரியத்தையே மூடிடுவாங்கன்னு பயந்தேன். கெட்டிலை மாத்தினேன். ஆளுங்களைத் திருப்பிக் கூப்பிடல. அவங்க எல்லாரையும் மேலே கொண்டு வரணும். எனக்கு என்ன தண்டனையோ குடுக்கட்டும்."

சொல்லி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. குமுதவல்லி அவர் தலையில் கை வைத்தாள். ரஞ்சிதம் எழுந்து கெட்டிலின் ஸ்விட்சை அணைத்தாள். ஆவி மெல்ல அடங்கியது.

"ஏழு வருஷம்" என்றார் தணிகாசலம், விரல்களுக்கு நடுவிலிருந்து. "ஒரு நாள் நிம்மதியாத் தூங்கினதில்லை. நீ வரலன்னா சாகற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். உங்க அக்கா பேரு... அமிர்தம்னு சொன்னே இல்ல? இனிமே மறக்க மாட்டேன்."

"மறக்காதீங்க சார்" என்றாள் ரஞ்சிதம்.

குமுதவல்லி வாசல்வரை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ நல்ல காரியம் பண்ணினேம்மா, அந்த ஜனங்க எல்லாம் திரும்பி வரட்டும் என்றாள். அந்தக் கையை உதறாமல் விடுவித்துக்கொள்ள ரஞ்சிதத்துக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

நாளை காலைக்குள் உத்தரவு இந்த வீட்டுக் கதவில் ஒட்டப்படும். வீண் நூற்றுக்கு ஐம்பது. அவர் வாரியத்துக்கு ஓடுவார். எல்லாவற்றையும் சொன்னேனே என்று கத்துவார். அவர் வளர்த்த ஆட்களே ஒன்பதாம் விதியை எடுத்துக் காட்டி, இறங்குகிறவர்கள் எல்லோரும் கெட்டில்மேல்தான் பழி போடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பதிவைக் கேட்பார். எழுதிக்கோம்மா என்பதற்கு மேல் பதிவில் ஒரு சொல்லும் இருக்காது. ரஞ்சிதம் இதையெல்லாம் படியிறங்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டாள். ஏழு வருடமாக இப்படி ஒரு நாளை நினைத்து நினைத்து வாழ்ந்தவள், அது கையில் வந்த பிறகு எவ்வளவு இனிக்கும் என்று காத்துக்கொண்டு நடந்தாள். ஜீப்வரை நடந்து வந்துவிட்டாள்.

பாக்கியநாதன் இறங்கி நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"என்னம்மா? சொன்னாரா?"

அவள் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டாள். படிவத்தின் கடைசிக் கேள்வி திரையில் இருந்தது. சோதனையின்போது கருவி குறித்து ஏதேனும் கூறப்பட்டதா? அவள் இல்லை என்று குறித்துத் தன் பெயரைக் கீழே போட்டாள். தணிகாசலமும் பதினோரு நாள் இப்படித்தான் எங்கோ உட்கார்ந்து எதிலோ கையெழுத்துப் போட்டிருப்பார்.

"இல்லண்ணே" என்றாள். "வாயே திறக்கல."

பாக்கியநாதன் தொப்பியை மாட்டிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகப் போனவர் திருகாமல் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"ஜெசிந்தாவுக்கு இன்னைக்குப் பதில் போடணும்" என்றார். "நான் என்னன்னும்மா எழுதட்டும்?"

ரஞ்சிதம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

"பொறுத்திருக்கச் சொல்லுங்க."